வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: அப்பாவின் இடுப்பு வலிக்குக் கஞ்சா எண்ணெய் கொடுக்கலாமா?

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் பக்கம் மஞ்சளும் வாழையும் பயிரிடும் குடும்பம் எங்களுடையது. 64 வயதாகும் அப்பாவுக்கு முதுகெலும்புத் தட்டு விலகியதால் பல ஆண்டுகளாக இடுப்பு வலியும் இடது காலில் மரமரப்பும் இருக்கின்றன. இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். டொராண்டோவில் வேலை பார்க்கும் என் தம்பி, அங்கே பலரும் வலிக்கும் தூக்கத்துக்கும் மருத்துவரின் ஒப்புதலோடு கஞ்சா எண்ணெய் எடுத்துக்கொள்வதாகவும், பொங்கலுக்கு வரும்போது ஒரு பாட்டில் கொண்டுவருவதாகவும் சொல்கிறான். கொடுக்கலாமா?

பதில்: கொண்டுவர வேண்டாம் என்று தம்பியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், சகோதரி. கனடாவில் 2001 முதல் மருத்துவத்துக்காகவும், 2018 அக்டோபர் முதல் பெரியவர்களின் பொதுப் பயன்பாட்டுக்காகவும் கஞ்சா சட்டப்படி கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால், மருத்துவ ஒப்புதல் இருந்தாலும் அதை நாட்டின் எல்லைக்கு வெளியே எடுத்துச்செல்ல அந்நாட்டுச் சட்டமே அனுமதிப்பதில்லை. இங்கே 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி அவர் விமான நிலையத்திலேயே கைதாக நேரிடும்.

தம்பி கண்டதில் தவறில்லை. வெளிநாடுகளில் மருத்துவக் காரணம் சொல்லிக் கஞ்சா பயன்படுத்தும் பெரியவர்களைப் பற்றிய ஆய்வுகளில், நாள்பட்ட வலியே முதல் காரணமாக நிற்கிறது. தூக்கமின்மையும் மனப்பதற்றமும் அதைத் தொடர்ந்து வருகின்றன. பலர் அன்றாடம் எடுத்துக்கொள்கிறார்கள், அளவைத் தாங்களே கூட்டிக் குறைக்கிறார்கள், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் அதைச் சொல்லாமலும் விடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது இந்தக் கடைசிப் பழக்கம்தான்.

எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது ஒன்று, எந்த நோய்க்குச் சான்று இருக்கிறது என்பது வேறொன்று. புற்றுநோய் மருந்துகளால் வரும் வாந்திக்கும், தண்டுவட மரப்பு (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) என்னும் நரம்பு நோயில் தசைகள் இறுகிக்கொள்வதற்கும் கஞ்சாவிலிருந்து பெறப்பட்ட மருந்துகள் உதவுகின்றன. குழந்தைப் பருவத்தில் தொடங்கும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு, போதை தராத சி.பி.டி. என்ற பொருளால் ஆன மருந்தை அமெரிக்கா 2018இல் ஏற்றது. வலியைப் பொறுத்தவரை அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2017ஆம் ஆண்டு அறிக்கை, பெரியவர்களின் நாள்பட்ட வலிக்குக் கணிசமான சான்று இருப்பதாகக் கூறியது. ஆனால் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பு 2019இல் போதைக்கூறு உள்ள தயாரிப்புகளை நாள்பட்ட வலிக்குத் தரவேண்டாம் என்றது, வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கமும் 2021இல் அவற்றின் பொதுவான பயன்பாட்டை ஆதரிக்க மறுத்துவிட்டது. என் கருத்தும் பின்னவர்களோடுதான் ஒத்துப்போகிறது.

உங்கள் அப்பாவின் நிலையில் ஆபத்து இன்னும் கூடுதல். வாய்வழி உட்கொள்ளும் கஞ்சா வேலை செய்ய அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம் என்பதால், ஒன்றும் கேட்கவில்லையே என்று மேலும் சில சொட்டு விட்டுக்கொள்பவர்கள் உண்டு. அதிலுள்ள டி.எச்.சி. என்ற போதைக்கூறு நாடித்துடிப்பை உயர்த்தும், எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைச் சட்டென இறக்கும். அழுத்த மாத்திரை சாப்பிடும் ஒருவர், ஏற்கெனவே மரமரத்த காலோடு, மின்சாரம் வரும் நள்ளிரவில் மோட்டார் போடவும் தண்ணீர் கட்டவும் ஈர வரப்பில் நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

தட்டு நரம்பை அழுத்துவதால் வரும் வலிக்கு உடற்பயிற்சி மருத்துவமும் நரம்பு வலிக்கான மாத்திரைகளும் தேவைப்பட்டால் ஊசி சிகிச்சையும் இருக்கின்றன. வலி மருத்துவத்தில் தனிப்பயிற்சி பெற்றவர்கள் கோவையிலேயே கிடைப்பார்கள். சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச்செல்லுங்கள். காலில் வலுக் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, அமரும் இடம் மரத்துப்போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கேள்வி: பல்லடத்தில் விசைத்தறியில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். பகலில் தூக்கம் வராததால் நண்பர் கொடுத்த கஞ்சாவைச் சில மாதங்களாகப் புகைக்கிறேன். மருந்து போலத்தானே இது?

பதில்: இல்லை. தொடக்கத்தில் தூக்கம் வந்ததுபோல் இருக்கும். நாளாக நாளாக அதே அளவு போதாமல் போகும், நிறுத்தினால் எரிச்சலும் கெட்ட கனவுகளும் தூக்கமின்மையும் சில வாரங்கள் வாட்டும். அந்த நாட்களைத் துணையோடு கடந்துவிடலாம் என்பதால் தயங்காமல் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) இலவச எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசுவார்கள். தறி ஓடும்போது கவனம் ஒரு நொடி பிசகினாலும் விரல் போய்விடும் என்பதால், மயக்கம் தெளியாத நிலையில் வேலைக்குப் போகாதீர்கள்.