ஸ்போர்ட்ஸ் கார் பிரேக்கை வீட்டிலேயே மாற்றலாமா? டர்பன் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒருவர்: அண்ணா, என் டொயோட்டா 86-க்கு முன்பக்க பிரேக் பேட் தேய்ந்துவிட்டது. வாசல் சரிவிலேயே வைத்து மாற்றலாமா?

மாற்றலாம் தம்பி, ஆனால் சரிவில் வேண்டாம். உங்கள் பக்கம் மேடும் பள்ளமும்தான், தெரியும். சமதளத்தில் கான்கிரீட் போட்ட நண்பர் வீட்டுக்கு ஓட்டிப் போங்கள். வீல் நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே கொஞ்சம் தளர்த்துங்கள். பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்த பிறகுதான் வீலைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பவே கூடாது.

காலிப்பரை (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கம்பி போட்டுக் கட்டுங்கள். புது பேட் தடிமனாக இருப்பதால் காலிப்பருக்குள் பேட்டைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். அப்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும், ஒரு கண் அங்கே இருக்கட்டும். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், விட்டால் பெயிண்டையே அரித்துவிடும். கடல் காற்றில் பேட் உட்காரும் இடம் துருப்பிடிக்கும். அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்காவிட்டால் புது பேட்டும் சிக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் முடித்த பிறகு மறுபக்கத்தைக் கழற்றுங்கள். எது எங்கே வரும் என்று சந்தேகம் வந்தால் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபீனிக்ஸ்: ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ-யில் பின்பக்க பிஸ்டன் கிளாம்ப் வைத்தும் உள்ளே போகவில்லை.

நிறுத்துங்கள், இன்னும் அழுத்தாதீர்கள். ஹேண்ட்பிரேக் கேபிள் உள்ள 5, 6-ஆம் தலைமுறை வண்டிகளில் அதை அழுத்திக்கொண்டே திருக வேண்டும். அதற்கென்று டூல் கிடைக்கும். 7-ஆம் தலைமுறையில் மின்சார பார்க்கிங் பிரேக். ஸ்கேனர் போட்டு சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் தொடக்கூடாது.

பைன்டவுன்: ஃபீல்ட்ஸ் ஹில் மலைச்சாலையில் இறங்கும்போது பெடல் பஞ்சு போல உள்ளே போனது. பேட் புதுசு. பெரிய பிரேக் கிட் வாங்கவா?

முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். பணத்தை அப்புறம் செலவழிக்கலாம். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கும். பெடலே மெத்தென்று இறங்கினால் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கும், இல்லையென்றால் காற்று புகுந்திருக்கும் அல்லது கசிவு இருக்கும். கசிவைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். டாட் 4 வகை பிரேக் ஆயிலுக்குப் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155 வரை இறங்கலாம். டர்பன் புழுக்கத்தில் அந்த ஈரத்துக்குக் குறைவே இல்லை. அதனால் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். டாட் 5.1 ஊற்றலாம், ஆனால் டாட் 5 வேண்டாம். அது சிலிகான், மற்றவற்றோடு சேராது.

2013-இல் ஃபீல்ட்ஸ் ஹில் அடிவாரத்தில், கட்டுப்பாடு இழந்த லாரி மினிபஸ் டாக்சிகள் மேல் மோதி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினையே பிடிக்கவிடுங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: பேட்டோடு டிஸ்க்கும் மாற்ற வேண்டுமா?

குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். அதற்குக் கீழே போனால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். புது டிஸ்க்கில் உள்ள எண்ணெய்ப் பூச்சைக் கிளீனர் போட்டுத் துடைக்க மறக்காதீர்கள்.

லெனேசியா (இது ஜோகன்னஸ்பர்க் பக்கம்): ஐயா, 1970-களின் கார் ஒன்று அப்பாவிடமிருந்து வந்தது. பிரேக் தூசியைக் கம்ப்ரஸரால் ஊதலாமா?

ஊதவே கூடாது அம்மா. நம் தென்னாப்பிரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்ததே 2008-இல்தான். அந்தக் கால பேட்டில் அது இருக்கலாம், தூசி நுரையீரலில் தங்கிவிடும். நன்றாக ஈரமாக்கித் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். நல்ல மாஸ்க் அவசியம். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

டோங்காட்: எல்லாம் மாட்டியாச்சு. உடனே ஓட்டலாமா?

முதலில் நின்ற இடத்திலேயே பெடலைக் கெட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள். பிஸ்டன் பின்னால் போயிருப்பதால் முதல் மிதி வெறுமையாகத்தான் போகும். மிதிக்காமல் ரிவர்ஸ் எடுத்தால் சுவரில்தான் நிற்கும். அப்புறம் புது பேட் டிஸ்க்கோடு பழக, காலியான சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 20 வரை, முழுதாக நிற்காமல், எட்டுப் பத்து முறை வேகத்தைக் குறையுங்கள். ஆறுவதற்குக் கொஞ்ச தூரம் பிரேக் போடாமல் ஓட்டுங்கள். வீட்டுக்கு வந்து டிஸ்க் ஆறியதும், வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) மறுபடி சரிபாருங்கள்.