ரசீது இல்லாத காசைக் கொடுக்காதீர்கள்
தம்பி, இருமல் மருந்து குடித்த கையோடு வண்டியில் கிளம்பிய அப்பாவைப் போலீஸார் மதுச் சோதனைக் கருவியில் ஊதச் சொன்னார்கள், கருவி 38 காட்டியது, வண்டியைப் பிடித்துக்கொண்டு ரசீதில்லாமல் 5,000 கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்காதீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவில் வரம்பு 100 மி.லி. ரத்தத்துக்கு 30 மி.கி. ஆல்கஹால். முதல் முறை மீறினால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. அதை முடிவு செய்வது நீதிமன்றம், சாலையில் நிற்பவர் அல்ல. மருந்திலுள்ள ஆல்கஹால் வாயில் கொஞ்ச நேரம் தங்கும். கால் மணி நேரம் விட்டு மறுபடி ஊதச் சொல்லியிருக்க வேண்டும். கருவியின் அச்சுச்சீட்டு, மருந்துச்சீட்டு, கடை பில் மூன்றையும் வக்கீலிடம் கொடுங்கள்.

குடித்து ஓட்டியவன் மோதித்தான் என் மாமா போனார். சோதனை கட்டாயம் வேண்டும். ஆனால் இந்த 5,000-ஐ நிஜமாகவே குடித்தவனும் நீட்டிவிட்டு வண்டியை எடுத்துப் போவானே, அதுதான் வயிறு எரிகிறது. மறுபடியும் பணம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் கொடுங்கள்.