பள்ளிப் பாடகர் குழுவில் சேர்வதால் என்ன பயன்?

உயர்நிலைப் பள்ளியில் படிப்புக்கு நடுவே பாடகர் குழு தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் சேருங்கள், முதலில் காது பழகும். மேல் சுருதியிலிருந்து கீழ் சுருதி வரை சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று 4 குரல்களும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களில் போகும்போது, பக்கத்தில் நிற்பவரின் மெட்டுக்கு இழுபட்டுப் போகாமல் நம் வரியைப் பிடித்துக்கொண்டே அவர் பாடுவதையும் கேட்டு நம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இது தனியாகப் பாடிப் பழகினால் வராது. நீண்ட சுரம் வந்தால் எல்லோரும் ஒன்றாக மூச்சு வாங்க மாட்டார்கள். ஒருவர் மூச்சு எடுக்கும்போது மற்றவர்கள் தாங்குவார்கள், கேட்பவருக்கு இடைவெளியே தெரியாது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அப்புறம், குரல் உடைகிற வயதுப் பையன்கள் பயந்து ஒதுங்க வேண்டாம், குரல் இறங்க இறங்க நல்ல ஆசிரியர் வேறு பகுதிக்கு மாற்றிவிடுவார். இசைக்குறிப்பு வாசிக்கவும் வந்துவிடும்.