கூரை பறந்தது காற்றிலா, ‘தேய்மான’த்திலா? கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: டர்பன் பக்கம் டோங்காட்டில் எங்கள் வீடு கட்டி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. கான்கிரீட் ஓட்டுக் கூரை. போன மாதம் ஒரு ராத்திரி அடித்த காற்றில் பின்பக்கச் சரிவில் ஓடுகள் பறந்துவிட்டன. கூரையைத் தாங்கும் மரச்சட்டங்களில் (டிரஸ்) இரண்டு முறிந்து, மழை இறங்கி, ஓர் அறையின் சீலிங்கும் கீழே வந்துவிட்டது. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய அசெஸர் அரை மணி நேரம்கூட இருக்கவில்லை. இப்போது கடிதம் வந்திருக்கிறது: கூரை போனதற்குக் காரணம் ‘தேய்மானம், பராமரிப்பின்மை’யாம், சீலிங்குக்கு மட்டும் 24,000 ரேண்ட் தருகிறார்களாம். கூரை வேலைக்கு 1,80,000 ரேண்ட் கேட்கிறார்கள். கூடவே ஒரு படிவமும் வந்திருக்கிறது. கிடைத்ததை வாங்கிப் போடுங்கள் என்கிறான் மகன். கையெழுத்துப் போடலாமா? இதே சாக்கில் ஓட்டை எடுத்துவிட்டுத் தகடு போட்டுவிடலாமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை

பதில்: அம்மா, அந்தப் படிவத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற பொருளில் அதில் ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே கையெழுத்து விழுந்துவிட்டால், பிறகு நீங்கள் என்ன வாதாடினாலும் அந்தத் தாளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். சீலிங் பணம் உங்களுக்கு அவசரமாக வேண்டுமானால், ‘இந்த 24,000 ரேண்டில் நமக்குள் தகராறு இல்லை, இதை இப்போதே கொடுங்கள், கூரை பற்றிய என் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை’ என்று மின்னஞ்சல் எழுதுங்கள். பல கம்பெனிகள் ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாவிட்டாலும், கேட்டீர்கள் என்பதற்கு அந்த மின்னஞ்சலே சாட்சி.

நான் பல வருடம் அசெஸர் வேலை பார்த்தவன். அதனால் அந்தப் பக்கம் எப்படி யோசிப்பார்கள் என்று கொஞ்சம் சொல்கிறேன். பழைய வீடு, பழைய ஓடு, முகட்டில் வெடித்த சாந்து என்று கண்ணில் பட்டதும் ‘தேய்மானம்’ என்று எழுதுவது சுலபம். நாற்பது வருடக் கூரையில் தேய்மானம் இல்லாமல் இருக்குமா? ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. அன்று ராத்திரி கூரையைப் பெயர்த்தது எது? தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, புயலால் சேதம் வந்தது என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. ‘இது பாலிசியில் விலக்கப்பட்ட காரணத்தால் வந்தது’ என்று நிரூபிப்பது கம்பெனியின் பொறுப்பு. வெறுமனே ‘பழசு’ என்று எழுதிவிட்டுப் போனால் அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது. 2024 ஜூன் 3 அன்று உங்கள் ஊரையே சுழற்காற்று புரட்டிப் போட்டபோது நல்ல நிலையில் இருந்த வீடுகளின் கூரைகளும் போனதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நன்றாக இருந்த கூரையையும் தூக்கக்கூடிய காற்றுதான் அடித்தது என்று காட்டிவிட்டால், தேய்மான வாதம் பாதி கழன்றுவிடும்.

அதைக் காட்டுவது எப்படி? முறிந்த டிரஸ் கட்டைகள் இன்னும் கொல்லையில் கிடக்கின்றனவா? கிடந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள், எரித்தும்விடாதீர்கள். உங்கள் வழக்கின் முக்கியமான சாட்சி அதுதான். காற்றின் வேகத்தில் முறிந்த நல்ல மரத்தின் உட்பகுதி வெளிறிப் புதுசாக இருக்கும். சிம்பு சிம்பாகக் கிழிந்திருக்கும். உளுத்த மரமோ கறுத்துப் போய், விரலால் கிள்ளினால் தூளாக உதிரும். பூச்சி துளைத்த சிறு ஓட்டைகளும் தெரியும். முறிந்த இடத்தின் பக்கத்தில் ஓர் அளவு டேப்பை வைத்து, வெளிச்சத்தில் நாலு பக்கமும் படம் எடுங்கள்.

அடுத்து, சுவரின் மேல்விளிம்பைப் பாருங்கள். டிரஸ்ஸைச் சுவரோடு கட்டியிருக்கும் துத்தநாகம் பூசிய கம்பியோ பட்டையோ அங்கே நீட்டிக்கொண்டிருக்கும். கட்டட விதிப்படி, ஓடு போட்ட கனமான கூரைக்கு அது சுவருக்குள் குறைந்தது 300 மில்லிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். தகடு போட்ட லேசான கூரைக்கு 600 மில்லிமீட்டர். கம்பியின் முனை பளபளவென்று அறுந்திருந்தால், கூரை ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது, காற்று அதையும் அறுத்தது என்று பொருள். துருப்பிடித்து நூலாக மெலிந்து அறுந்திருந்தால் கம்பெனி சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எதுவாக இருந்தாலும் படம் எடுங்கள். தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

காற்றுக்கும் ஆதாரம் வேண்டும். கிங் ஷாகா விமான நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். அந்தத் தேதிக்கான காற்றின் வேகத்தைத் தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையிடம் கேட்டு வாங்கலாம். ஆனால் ஒன்று: குறுகலான பாதையில் போகும் சூறைக்காற்று சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கருவியில் பதிவாகாமலே போய்விடும். அதனால் ‘விமான நிலையத்தில் பெரிய காற்று இல்லை’ என்று அவர்கள் சொன்னால் அதோடு பேச்சு முடிந்துவிடாது. அதே தெருவில் அதே ராத்திரி வேறு யார் வீட்டில் ஓடு போனது, எந்த மரம் சாய்ந்தது, எந்த மின்கம்பி அறுந்தது? பக்கத்து வீட்டார் போனில் இருக்கும் படங்களைத் தேதி, நேரத்தோடு வாங்கி வையுங்கள். சொல்லப்போனால் வானிலை அறிக்கையைவிட இவைதான் பெரும்பாலும் எடுபடும்.

கடிதத்தில் உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. சீலிங்குக்குப் பணம் தருகிறார்கள் அல்லவா? புயல் மழை உள்ளே வந்ததை ஒத்துக்கொண்டால்தானே சீலிங்குக்குப் பணம்? அப்படியானால் அந்த மழைக்கு வழிவிட்டது எது என்று கேளுங்கள். ‘பழுதான பொருளுக்குப் பணம் இல்லை, அதனால் விளைந்த சேதத்துக்கு மட்டும் உண்டு’ என்று சில பாலிசிகளில் எழுதியிருக்கும். அந்த விதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்களா என்று எழுத்தில் விளக்கம் வாங்குங்கள். எந்த விதி, எத்தனையாவது எண், எந்தப் படத்தை வைத்து இந்த முடிவு என்று கேளுங்கள். அசெஸரின் முழு அறிக்கையையும் அவர் எடுத்த படங்களையும் கேளுங்கள். ‘பராமரிப்பின்மை’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யாரும் பதில் எழுத முடியாது.

அவர்களுக்குப் பதில் எழுதும்போது கூரையை மொத்தமாகப் பேசாமல் உருப்படி உருப்படியாகப் பிரித்து எழுதுவதுதான் என் அனுபவத்தில் பலிக்கும் வழி. முகட்டு ஓட்டின் சாந்து வருடக்கணக்கில் வெடித்துக் கிடந்தது என்றால் அந்தச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், அது பராமரிப்புதான். முறிந்த டிரஸ், பறந்த ஓடுகள், கிழிந்த அடிவிரிப்பு, ரீப்பர் கட்டைகள் எல்லாம் புயலின் கணக்கு. கூரைக்காரரிடமும் அந்த 1,80,000 ரேண்டை அப்படியே பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரே வரியில் ‘கூரை மாற்ற’ என்று எழுதிய மதிப்பீட்டை எந்த அசெஸரும் மதிக்க மாட்டார். முடிந்தால் சுதந்திரமாக வேலை பார்க்கும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் இரண்டு பக்க அறிக்கை வாங்குங்கள். செலவு ஆகும்தான். இத்தனை பெரிய தொகைக்கு அது தகும்.

இனி நாள் கணக்கு. இங்குள்ள காப்பீட்டு விதிகளின்படி, கோரிக்கையை மறுக்கும் கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து மறுப்புத் தெரிவிக்க உங்களுக்குக் குறைந்தது 90 நாள் உண்டு. உங்கள் மறுப்புக் கிடைத்த 45 நாளுக்குள் கம்பெனி தன் முடிவைச் சொல்ல வேண்டும். அதிலும் சரிப்படவில்லை என்றால் தேசிய நிதி ஒம்புட் (குறைதீர்ப்பாளர்) திட்டத்துக்குப் போகலாம். முன்பு தனித்தனியாக இருந்த நான்கு ஒம்புட் அலுவலகங்கள் 2024 மார்ச் 1 முதல் அதில் ஒன்றாகிவிட்டன. காசு வாங்க மாட்டார்கள், வக்கீலும் வேண்டாம். ஆனால் முதலில் கம்பெனியிடம் முறையிட்டிருக்க வேண்டும். கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தால் அந்த 90 நாள் முடிந்தபின் குறைந்தது ஆறு மாத அவகாசம் பாலிசி தர வேண்டும். ‘மேனேஜரிடம் பேசுகிறேன், அடுத்த வாரம் சொல்கிறேன்’ என்று போனில் இழுத்தடிப்பவர்களை நம்பி நாளை ஓட்டிவிடாதீர்கள். எல்லாமே எழுத்தில் இருக்கட்டும்.

சிலர் அரசுக் காப்பீட்டு நிறுவனமான சஸ்ரியாவிடம் கேட்கலாமா என்பார்கள். 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பெயர் எல்லார் வாயிலும் வந்துவிட்டது. அது கலவரம், வேலைநிறுத்தம் போன்றவற்றுக்கு. காற்று மழைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் வீட்டில் இதுதான் அதிகம் அடி கொடுக்கிறது. பாலிசியில் வீட்டின் காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று பாருங்கள். வீடு என்ன விலைக்குப் போகும் என்பது இங்கே கணக்கே இல்லை. இடித்து அப்புறப்படுத்தி, பிளான் போட்டு, வரியோடு திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதுதான் கணக்கு. திரும்பக் கட்ட 20 லட்சம் ரேண்ட் ஆகும் வீட்டை 15 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால் முக்கால் பங்குதான் காப்பீடு. அப்போது 1,80,000 ரேண்ட் சேதத்துக்கு 1,35,000தான் வரும், அதிலும் எக்ஸஸ் தொகையை, அதாவது நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய பங்கைக் கழிப்பார்கள். பத்து வருடம் முன்பு போட்ட தொகையை மாற்றாமல் பிரீமியம் கட்டி வரும் வீடுகள் எத்தனையோ. தொகையைத் தவறாகச் சொல்லிக்கொடுத்தது புரோக்கர் என்றால், அந்தப் புகாரைக் கேட்க ஃபாய்ஸ் ஒம்புட் என்று தனியாக ஒருவர் இருக்கிறார்.

சரி, தகடு போடலாமா? போடலாம், ஆனால் கம்பெனி ஓட்டுக்கு ஓடு என்ற கணக்கில்தான் பணம் தரும். அதற்கு மேல் ஆவது உங்கள் செலவு. வேலை தொடங்குமுன் அவர்களுக்கு எழுதிச் சொல்லுங்கள். ஈதெக்வினி (டர்பன்) மாநகராட்சியில் பிளான் அனுமதி தேவையா என்றும் கேட்டுவிடுங்கள். ஓட்டை எடுத்துத் தகடு போட்டால் கூரை லேசாகிவிடும், லேசான கூரையைக் காற்று சுலபமாகத் தூக்கும். மேலே சொன்ன 600 மில்லிமீட்டர் அதற்காகத்தான். பழைய கம்பியிலேயே கட்டிவிடலாம் என்று சொல்லும் கூரைக்காரரை அன்றே அனுப்பிவிடுங்கள். கடல் உப்புக்காற்று படும் ஊர் என்பதால் கடற்கரைக்கு ஏற்ற பூச்சுள்ள தகடு, அதற்கேற்ற திருகாணி இரண்டும் வேண்டும்; தகடு நல்லதாக இருந்தும் திருகாணி துருப்பிடித்துக் கழன்ற கூரைகள் நிறைய.

என்னைக் கேட்டால் ஓட்டிலேயே இருங்கள். பின்பக்கச் சரிவு மட்டும்தானே போயிருக்கிறது? உடையாமல் கீழே விழுந்த ஓடுகளைப் பொறுக்கி அடுக்கி வையுங்கள். அதே நிறம், அதே அச்சு இப்போது கடையில் கிடைக்காது. பழைய ஓடுகளைத் தெருப்பக்கம் ஒட்டுப்போட வைத்துக்கொண்டு, புது ஓட்டைப் பின்பக்கம் போட்டால் வித்தியாசம் யார் கண்ணிலும் படாது.

ஆளைப் பிடிப்பதில் ஒரு தேர்வு இருக்கும். கம்பெனியே தன் ஒப்பந்தக்காரரை அனுப்பினால் வேலை சரியில்லை என்று கம்பெனியையே கேட்கலாம். பணமாக வாங்கினால் நல்லது கெட்டது எல்லாம் உங்கள் பாடு. புயலுக்கு மறுநாள் பக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) ஏணியோடு வந்து கதவைத் தட்டி, பாதிப் பணம் முன்பணமாகக் கேட்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். சாமானை நீங்களே கடையில் வாங்கிக் கொடுங்கள். கூலியை வேலை முடிய முடியக் கொடுங்கள். அதுவரை தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். சேதம் கூடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை என்று பாலிசியில் இருக்கும். மூடாமல் விட்டு இன்னொரு மழை இறங்கினால் அந்தச் சேதத்தை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். நனைந்த கட்டில், மெத்தை, அலமாரிக்கு வீட்டுப் பொருள் காப்பீடு தனியாக இருந்தால் அதில் கேளுங்கள். வீட்டுக்குப் பாங்க் கடன் பாக்கி இருந்தால் பாங்குக்கும் சொல்லிவிடுங்கள்.

இதைப் படிக்கும் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் வீட்டில் இன்னும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கிறது. தென்னாப்பிரிக்கா 2008இல் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தாலும் ஏற்கெனவே போட்ட கூரைகள் அப்படியேதான் இருக்கின்றன. காற்றில் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகளைப் பெருக்காதீர்கள், உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அகற்றுவதற்குப் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர் வேண்டும், கொட்டுவதற்கும் உரிமம் பெற்ற இடம் வேண்டும். அந்தச் செலவு சில சமயம் புதுக் கூரைச் செலவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். உங்கள் பாலிசியில் இடிபாடு அகற்றும் செலவு என்ற தலைப்பில் எவ்வளவு தொகை இருக்கிறது என்று அடுத்த காற்று வருமுன் எடுத்துப் பாருங்கள்.