உக்கிராணக்காரன்னா யாருக்கா?

கேள்வி: அக்கா, எங்க சபையில ஆராதனைக்கு எந்த பைபிள் வாசிக்கிறதுன்னு முடிவு பண்ண ஒரு கமிட்டி போட்டு அதுல என்னையும் இழுத்து விட்டுட்டாங்க. பெரியவங்க பழைய திருப்புதல் பைபிளை விட்டு நகரவே மாட்டேங்குறாங்க, வாலிபர்கள் பாதி புரியலங்குறாங்க. போன வாரம் சண்டே ஸ்கூல்ல ஒரு பையன், "உக்கிராணக்காரன்னா உக்கிரமா கோபப்படுறவரா மிஸ்?"னு கேட்டான், எனக்கே சிரிப்பு வந்துருச்சு. எதைத்தான் எடுக்கிறது?

பதில்: சிரிக்காதீங்கம்மா, நல்ல கேள்விதான் கேட்டிருக்கான். உக்கிராணம்னா சாமான் வைக்கிற அறை, அதோட சாவி யார் கையில இருக்கோ அவன் உக்கிராணக்காரன். லூக்கா 16ல வர்ற ஆளு. இந்த மாதிரி வார்த்தையால பெருசா ஆபத்தில்ல, ஏன்னா புரியலன்னு நமக்கே தெரியுது, யாரையாவது கேட்டுக்கிறோம். புரிஞ்ச மாதிரி இருக்கிற வார்த்தைதான் காலை வாரும். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" இதை எடுத்துக்கிட்டு "யார் முன்னாடியும் நான் தாழ்ந்து போகமாட்டேன்"னு முழங்கின பிரசங்கத்தை நானே கேட்டிருக்கேன், சபையே அல்லேலூயா சொல்லுச்சு. ஆனா அங்க தாழ்ச்சின்னா குறைவு, எபிரெயத்துலயும் அதேதான். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்காரரும் சேர்ந்து பண்ண பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்துல "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை"ன்னு இருக்கும், அதை வாசிச்சா இந்தக் குழப்பம் வர வழியே இல்ல.

அதுக்காக பழசைத் தூக்கிப் போடச் சொல்லல. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில தமிழ் புதிய ஏற்பாட்டை 1715ல அச்சுல கொண்டு வந்துட்டார், அப்புறம் பப்ரிசியுஸ், ரேனியஸ்னு எத்தனையோ பேர் கை வச்சு, ஹென்றி பவர் தலைமையில ஒரு குழு உக்காந்து 1871ல வந்ததுதான் இப்போ நாம பழைய திருப்புதல்ங்கிறது. அது வந்தப்போ லுத்தரன் சபைகள் பப்ரிசியுஸை விட மனசில்லாம ரொம்ப காலம் அதையே வாசிச்சாங்க, ஸோ உங்க பெரியவங்க ஒண்ணும் புதுசா அடம் பிடிக்கல. மனப்பாடம் ஆன வசனம் உடம்புல ஊறினது, அடக்க ஆராதனையில போய் வேற தமிழ்ல 23ஆம் சங்கீதம் வாசிச்சா அழுதுட்டு இருக்கிறவங்க கூடவே சொல்ல முடியாம நிறுத்திருவாங்க. பாட்டுலயும் அப்படித்தான், கிருபை கிருபைன்னு பாடிட்டு வாசிப்புல மட்டும் அருள்னு வந்தா, ரெண்டும் ஒண்ணுதான்னு யாராவது சொல்லித் தரணும்.

இன்னொண்ணு, பழசுல ஆபிராம் "போனான்", மரியாள் "சொன்னாள்". புதுசுல ரெண்டு பேருக்கும் மரியாதை உண்டு. வீட்ல தாத்தாவை அவர்னு சொல்லி வளர்ந்த பிள்ளைங்களுக்கு இது எவ்ளோ உறுத்தும்னு பெரியவங்களுக்குத் தெரியறதில்ல.

கமிட்டிக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு, நாலு பைபிளை மேஜையில விரிச்சு வச்சு கண்ணால ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்காதீங்க. சபையில முக்காவாசிப் பேர் காதாலதான் கேக்குறாங்க. கெட்ட குமாரன் கதை, ஒரு சங்கீதம், அப்புறம் எபேசியர் 1ல 3லிருந்து 14 வரைக்கும் (கிரேக்கத்துல அது மொத்தமும் ஒரே வாக்கியம், எந்த மொழிபெயர்ப்பா இருந்தாலும் அங்க மூச்சு வாங்கும்), இந்த மூணையும் ரெண்டு மொழிபெயர்ப்புல சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, கேக்குறவங்க கையில புஸ்தகம் இருக்கக் கூடாது, முடிஞ்சதும் என்ன கேட்டீங்கன்னு அவங்களையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. ஒரு பாட்டி, ஒரு பத்தாங்கிளாஸ் பிள்ளை, புதுசா சபைக்கு வர்ற ஒருத்தர், இவங்க மூணு பேரும் அதுல கட்டாயம் இருக்கணும். என் ஓட்டு, நிருபங்களும் தீர்க்கதரிசிகளும் புதுசுல, சங்கீதமும் கர்த்தருடைய ஜெபமும் பழசுல. கலந்து வாசிச்சா தப்பில்ல, எதுலேர்ந்து வாசிக்கிறோம்னு வாசிக்கிறவர் முன்னாடியே சொல்லிட்டாப் போதும்.

கேள்வி: புது பைபிள்ல சில வசனங்களையே எடுத்துட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல வருதே, நிஜமா?

பதில்: எடுக்கல. 1 யோவான் 5:7ல "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி"ன்னு பழசுல இருக்கிற வரி, அறிஞர் எராஸ்மஸ் 1516ல அச்சடிச்ச முதல் கிரேக்கப் பதிப்புலயே கிடையாது, 1522ல வந்த மூணாவது பதிப்புலதான் சேர்த்தார். பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள்லயும் அது இல்ல. நாலாம் நூற்றாண்டு சினாய் பிரதி மாதிரி ரொம்பப் பழசானதையெல்லாம் வச்சு கிரேக்க மூலத்தைச் சரிபார்த்த வெஸ்ட்காட், ஹார்ட்ங்கிற ரெண்டு இங்கிலாந்து அறிஞர்களோட பதிப்பே 1881லதான் வந்துச்சு, நம்ம பழைய திருப்புதல் அதுக்குப் பத்து வருஷம் முந்தி. மத்தேயு 17:21ம் சினாய் பிரதி மாதிரி ரொம்பப் பழசுல கிடையாது. திரித்துவமே போச்சுன்னு பதறாதீங்க, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்துல ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்ற மத்தேயு 28:19 அங்கேயேதான் இருக்கு.

கேள்வி: என் ஃப்ரெண்டோட கத்தோலிக்க பைபிள்ல ஏழு புக் கூட இருக்கே?

பதில்: தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக், ரெண்டு மக்கபேயர், மொத்தம் 73. உங்க பைபிள்ல 66. பொது மொழிபெயர்ப்பு வாங்குறதா இருந்தா அந்த ஏழும் சேர்ந்த பதிப்பான்னு கடையில உள்ளடக்கப் பக்கத்தைத் திறந்து பார்த்துட்டு பில் போடச் சொல்லுங்க, வாங்கிட்டு வந்தப்புறம் கமிட்டியில அதுக்கு வேற ஒரு சண்டை வேண்டாம்.