பிள்ளை எழுப்புவதால் மட்டும் வந்த அசதியா இது?

கேள்வி: "மகனுக்கு எட்டு மாதம். ராத்திரியில் மூன்று, நான்கு தடவை எழுந்து பால் குடிக்கிறான். பகலெல்லாம் அசதி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. 'பிள்ளை பெத்தா இதெல்லாம் சகஜம்' என்கிறார் மாமியார். மெடிக்கலில் கேட்டு சத்து டானிக் வாங்கிக் குடிக்கிறேன். அவனைத் தூங்கவைக்க ஏதாவது சிரப் கொடுக்கலாமா?" (திருச்சி வாசகி)

பதில்: சிரப் கொடுக்கவே கூடாது. தூக்கத்துக்கு என்று கடையில் எடுத்துத் தருவது பெரும்பாலும் சளி மருந்துதான். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி சிரப்பை நான்கு வயதுக்குக் கீழே தரக்கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 'ஒரு மூடி கொடுங்க, நல்லாத் தூங்கும்' என்று கவுன்ட்டரில் சொல்பவரை நம்பிவிடாதீர்கள். எட்டு மாதப் பிள்ளை ராத்திரி எழுவது நோயல்ல. அவனுக்கு மருந்து தேவையில்லை.

பார்க்க வேண்டியது உங்களைத்தான். தூக்கம் கெட்டால் கண் எரியும், எரிச்சல் வரும், மறதி வரும். ஆனால் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் ரத்தம் குறைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் (2019-21) கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 'சகஜம்' என்று மாமியார் சொல்வது ஒரு விதத்தில் சரிதான். சகஜமாக இருப்பதற்காக அதை அப்படியே விட்டுவிட முடியாது.

டானிக்கை நிறுத்துங்கள். அட்டையில் திராட்சையும் மாதுளையும் இருக்கும், உள்ளே சர்க்கரைப் பாகு இருக்கும், இரும்பு எவ்வளவு என்று பொடி எழுத்தில் தேட வேண்டியிருக்கும். பிரசவத்துக்குப் பின் 180 நாள், தினம் ஒன்றாக, 60 மில்லிகிராம் இரும்புள்ள மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். மலம் கறுக்கிறது, வயிறு கட்டுகிறது என்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். மலம் கறுப்பது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். காபி, டீயோடு விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்குத் தள்ளுங்கள். எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் நல்லது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் எவ்வளவு மாத்திரை, எத்தனை மாதம் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கூடவே டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையும் பாருங்கள். பிரசவமான முதல் வருடத்தில் சிலருக்குத் தைராய்டு அழன்று, பிறகு மந்தமாகிவிடும். அசதியும் முடி உதிர்வும் அதிலும் வரும். முடிக்காக பயோட்டின் மாத்திரை எடுக்கிறீர்களா? லேபில் சொல்லிவிட்டு, குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அது தைராய்டு ரிசல்ட்டைத் தப்பாகக் காட்டும்.

ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். என்ற இந்த இரண்டு டெஸ்ட்டும் போதும். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறோம், எண்பது டெஸ்ட் ஒரே விலை என்று வருபவரிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். எண்பதில் நாலைந்து எல்லோருக்கும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதை வைத்து ஊசி, பவுடர் என்று அடுத்த பில் தயாராகிவிடும்.

எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். பிரசவமாகி 42 நாளோடு தாயின் கணக்கை மூடிவிடுகிறோம். அதற்குப் பிறகும் தடுப்பூசிக்கென்று அவள் வந்துகொண்டேதான் இருக்கிறாள். பிள்ளையை எடை போடுகிறோம், அட்டையில் குறிக்கிறோம். தூக்கி வந்தவளின் கண் இமையை இழுத்து, உள்ளே வெளிறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் ஆகாது, யாரும் பார்ப்பதில்லை. ஒன்பது மாத ஊசிக்குப் போகும்போது 'எனக்கும் ரத்தம் பாருங்க' என்று நீங்களே கேளுங்கள்.

ராத்திரிக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். பிள்ளை தூங்கும்போது தாயும் தூங்கட்டும் என்பார்கள். அப்போதுதானே அவள் துணி துவைக்கிறாள்! எட்டரைக்குப் பிள்ளைக்குக் கூழும் பாலும் கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்கு நீங்கள் வேறு அறையில் படுங்கள். ராத்திரி ஒரு மணிக்குள் அவன் சிணுங்கினால் அப்பா தோளில் போட்டுத் தட்டட்டும். பசி என்று தெரிந்தால் மட்டும் எழுப்பட்டும். தூக்கம் துண்டு துண்டாகப் போவதைவிட, நான்கு மணி நேரமாவது சேர்ந்தாற்போல் தூங்குவது உடம்புக்கு நல்லது.

ஒரு நிலைமைக்கு மட்டும் இதெல்லாம் பொருந்தாது. பிள்ளை அயர்ந்து தூங்குகிறது, வீடு அமைதியாக இருக்கிறது, உங்களுக்கும் உடம்பு அடித்துப் போட்டது போல் இருக்கிறது, ஆனாலும் தூக்கம் வரவில்லை. நாள் கணக்கில் இப்படி இருந்தால், கூடவே காரணமில்லாத அழுகை, எதிலும் ஒட்டாத மனசு, பிள்ளை மேல் பிடிப்பில்லாமை இருந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். இரும்பு மாத்திரை அதைத் தீர்க்காது. ரத்தம் சரியாக இருந்தாலும் வரும், ரத்தசோகையோடு சேர்ந்தும் வரும். கண்ணேறு கழிப்பதிலும் மந்திரிப்பதிலும் வாரங்களைக் கழிக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. பாலூட்டும்போதும் எடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு. 14416 என்ற இலவச மனநல எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் போனோடு நிற்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தனியாகப் போகக் கூடாது. பேச உங்களால் முடியாவிட்டால் கணவர் பேசட்டும். எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்பதை அவர் முதலில் சொல்லட்டும்.