பொதுப்பாடம் முதலிலா, கணக்கு முதலிலா?

அன்புள்ள ஐயா,

என் மகள் இந்த இலையுதிர் காலத்தில் டி ஆன்சா என்ற இரண்டு வருட சமுதாயக் கல்லூரியில் சேர்கிறாள். இரண்டு வருடம் கழித்து பெர்க்லியின் என்விரான்மென்டல் டிசைன் கல்லூரியில் கட்டடக்கலைக்கு மாற வேண்டும் என்பது அவள் ஆசை. முதல் வருடம் பொதுப்பாடங்களை முடித்துவிட்டு, மேஜர் (முதன்மைத் துறை) பாடங்களைப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். சரிதானா?

வாசகர், கூப்பர்டினோ

வணக்கம்.

சரியில்லை. டிசைன் படிப்புகளுக்கு இந்த யோசனை பல பிள்ளைகளின் ஒரு வருடத்தை விழுங்கிவிடுகிறது.

நாட்காட்டியைப் பாருங்கள். யூசி, அதாவது பெர்க்லி உள்ளிட்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களுக்கான விண்ணப்பம் வழக்கமாக அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை. மகள் இரண்டாம் வருடத்தில் அதை நிரப்பும்போது கையில் இருப்பது முதல் வருட மதிப்பெண்களும் கோடை வகுப்பும்தான். இலையுதிர் மதிப்பெண்ணை ஜனவரியில் சேர்ப்பார்கள். கால்குலஸும் இயற்பியலும் அதுவரை தொடங்கவே இல்லை என்றால், மேஜருக்குத் தயாராக இருக்கிறாள் என்று காட்ட எதுவும் இருக்காது. பொதுப்பாடங்களை எந்தக் குவார்ட்டரிலும் (சுமார் மூன்று மாதப் பருவம்) செருகலாம். கணக்கு அப்படியில்லை, ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திறக்கும். ப்ரீகால்குலஸிலிருந்து தொடங்க நேர்ந்தால் சங்கிலி இன்னும் நீளும். ஆகவே முதல் குவார்ட்டரிலேயே கணக்கு, ஆங்கிலக் கட்டுரை, ஒரு வரைதல் அல்லது டிசைன் பாடம். ஸ்டுடியோ பாடம் வாரத்தில் நிறைய மணிநேரம் தின்னும். ஒரே குவார்ட்டரில் இரண்டு வேண்டாம்.

டி ஆன்சாவின் எந்தப் பாடம் பெர்க்லியின் எதற்கு ஈடு என்பதை அசிஸ்ட் என்ற இணையதளத்தில் பாருங்கள். கல்லூரி, வளாகம், கல்வியாண்டு கொடுத்து, மேஜர் வாரியாகத் திறக்க வேண்டும். கட்டடக்கலைக்கு ஒரு பட்டியல், நகரவியலுக்கு வேறு. கவனம் தேவைப்படுவது இரண்டு பாடங்களை இணைக்கும் 'அண்ட்' (and) என்ற சொல்லில். பெர்க்லி குவார்ட்டரைவிட நீளமான செமஸ்டரில் நடக்கிறது, டி ஆன்சா குவார்ட்டரில். அங்கே ஒரு பாடமாக இருப்பது இங்கே இரண்டாக வரலாம். இரண்டில் ஒன்றை மட்டும் முடித்தால் ஈடு கிடைக்காது. பாதியை வேறு கல்லூரியில் எடுத்தாலும் சிக்கல் வரலாம். 'நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்' (ஈடான பாடம் இல்லை) என்றிருந்தால் பக்கத்துக் கல்லூரியில் ஈடு இருக்கிறதா என்று தேடுங்கள்.

யூனிட் (முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் அலகு) விஷயம் எளிது: மாறுவதற்கு முந்தைய வசந்த காலத்துக்குள் 90 குவார்ட்டர் யூனிட், அதாவது 60 செமஸ்டர் யூனிட். கட்டாயப் பாடங்களில் 'சி'க்குக் குறையக்கூடாது. கலிஃபோர்னியாவாசிக்கு 2.4 ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) என்பது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே; பெர்க்லிக்கு அதை நம்பி இருக்காதீர்கள். 2025 இலையுதிர் முதல் சேர்பவர்களுக்கு ஐஜெட்சி என்ற பழைய பொதுப்பாடத் தொகுப்புக்குப் பதில் கால்-கெட்சி வந்திருக்கிறது. அதை முழுதாக முடித்தாலும் மேஜர் பாடங்களுக்கு அது ஈடாகாது.

டேக் என்ற சேர்க்கை உத்தரவாதத் திட்டம் பெர்க்லியில் கிடையாது. டேவிஸ் உள்ளிட்ட ஆறு யூசி வளாகங்களில் உண்டு, ஆனால் எல்லா மேஜருக்கும் இல்லை. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம், அதுவும் செப்டம்பர் 1 முதல் 30க்குள். டேவிஸில் நிலவடிவமைப்புப் படிப்பு இருக்கிறது. அதையும் ஒரு கண் பார்த்து வையுங்கள்.

வகுப்பில் வரையும் ஒவ்வொரு தாளையும், செய்யும் ஒவ்வொரு மாதிரியையும் அன்றே நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, தேதி போட்டு வைக்கச் சொல்லுங்கள். அட்டை மாதிரிகள் அடுத்த குவார்ட்டர்வரை தாங்குவதில்லை. முதல் வாரத்திலேயே கல்லூரியின் கவுன்சிலரிடம் (பாட ஆலோசகர்) போகட்டும், அசிஸ்ட் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு.